பின்னச்சு கொதிக்கும்போது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில்வர்தார்ன் என்ற மலையூரைத் தாண்டிக் கிழக்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குள் எழுநூறு மீட்டர் ஏறிவிடுகிறது. ஏற்றம் முடியும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில், ஐசன்ஹோவர் சுரங்கம் நிற்கிறது. கோடை விடுமுறையில் இந்தச் சாலையின் வலது தடம் முழுக்கக் கேம்பர் வண்டிகள்தான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய ஒரு வீட்டைப் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஓட்டுகிறவர் கண் இரண்டு மூன்று முள்களின் மேலேயே இருக்கும். இன்ஜின் தண்ணீரின் சூடு தெரியும். இன்ஜின் ஆயிலின் சூடும் கியர்பாக்ஸ் ஆயிலின் சூடும் பல வண்டிகளில் திரையில் எண்ணாகவே வரும். இந்த மூன்றுக்கும் ரேடியேட்டரோ கூலரோ உண்டு. சக்கரத்துக்குப் போகும் அத்தனை விசையையும் கடைசியில் தாங்குகிற பின் டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலான பிக்கப்புகளில் கூலரும் கிடையாது, முள்ளும் கிடையாது.

அதனால்தான் டிஃபரன்ஷியல் கொதிக்கும் சங்கதி பலருக்கும் தற்செயலாகவே தெரியவருகிறது. ஏற்றம் முடிந்து ஓய்விடத்தில் நிறுத்தும்போது வண்டியின் பின்பக்கம் கந்தகம் தீய்ந்த வாடை அடிக்கும். அல்லது டயர் சூட்டைப் பார்க்க வாங்கிய வெப்பமானித் துப்பாக்கியைச் சும்மா டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஹவுசிங் பக்கம் திருப்பினால் 120 டிகிரி செல்சியஸ் காட்டும். அதன்பிறகு விவாதம்தான். இழுவை வண்டி என்றால் சூடாகத்தான் செய்யும், கண்டுகொள்ளாதே என்கிறது ஒரு தரப்பு. அலுமினிய மூடி போடு, கெட்டியான ஆயில் ஊற்று, பல் விகிதத்தை மாற்று என்று மருந்து சொல்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் பாதிதான் உண்மை. கேம்பர் இழுக்கும் பின்னச்சு சூடாவது இயல்பு. அது ஆபத்தாவதும் ஆகாததும், எவ்வளவு ஆற்றல் எவ்வளவு நேரம் அதன் வழியே போகிறது, உள்ளே கிடக்கும் இரண்டு மூன்று லிட்டர் கியர் ஆயில் என்ன நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. விற்பனைக்கு வரும் பெரும்பாலான மருந்துகள் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

சூடு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டிஃபரன்ஷியல் என்று மொத்தமாகச் சொல்கிறோம். ஆனால் பிரான்ஸ் நாட்டு ஒனெசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை வாங்கிய அந்த வேறுபாட்டுப் பல்கள், திருப்பத்தில் வெளிச் சக்கரத்தைக் கூடுதலாகச் சுழல விடுகிற அந்தச் சின்னப் பல்கள், நேர்ச்சாலையில் தம்மளவில் ஏறக்குறைய அசைவதே இல்லை. சூட்டின் ஊற்று அவற்றைச் சுமந்திருக்கும் கிரவுன் வீலும் அதை ஓட்டும் பினியனும்தான். இன்ஜினின் சுழற்சி வண்டியின் நீளவாக்கில் வருகிறது, சக்கரம் குறுக்குவாக்கில் சுழல வேண்டும். அந்தத் திருப்பம் முழுவதும் ஒரே சமயத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பற்களின் மேல் நடக்கிறது.

தொடக்கக் காலத்துக் கார்களில் பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையத்தை நேராகப் பார்த்து நிற்கும். 1920களில் கிளீசன் நிறுவனம் ஹைபாய்டு என்ற புதிய பல் வடிவத்தைக் கொண்டுவந்தது. 1926இல் பக்கார்டு தன் கார்களில் அதைப் பொருத்தியது. இதில் பினியன் மையத்துக்குக் கீழே தள்ளி நிற்கும். அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. பினியனைப் பெரிதாகச் செய்ய முடிந்தது, சத்தம் குறைந்தது, பல்லின் வலிமை கூடியது. இத்தனை நன்மைக்கும் கொடுத்த விலை உராய்வு. பழைய வகையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரும்பாலும் உருளும். ஹைபாய்டில் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் வழுக்கும்போது சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துபோகிறது. அதற்காகத்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். பல் சூடாகும் புள்ளியில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். வழுக்கல் அந்தத் தோலைத் தின்னும், இரும்பு தப்பிக்கும். ஆக, இந்த ஆயில் வெறும் வழவழப்புக்காக ஊற்றுவதல்ல. வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும் கவசம் அது.

இனி எவ்வளவு சூடு என்று ஒரு தோராயக் கணக்கு. இரண்டரை டன் பிக்கப் ஒன்று, பின்னால் எதுவும் மாட்டாமல், சமதரையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போக ஏறத்தாழ 25 கிலோவாட் ஆற்றல் போதும். பற்களின் வழுக்கல், பேரிங், ஆயிலைக் கடைவது எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு மூன்று பின்னச்சில் வீணாகிறது என்று வைத்தால், முக்கால் கிலோவாட் சூடு. ஆள்களும் சாமான்களும் ஏறி மூன்று டன்னான அதே வண்டி, மூன்றரை டன் கேம்பரோடு ஆறு விழுக்காடு ஏற்றத்தில் 90 கிலோமீட்டரில் ஏறினால் தேவைப்படும் ஆற்றல் 155 கிலோவாட் அளவுக்குப் போகும். அதில் நூற்றுக்கு மூன்று என்றால் நான்கரை கிலோவாட்டுக்கு மேல். நான்கு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் ஹவுசிங்குக்குள் வைத்து மூடியதுபோல. வெளியேற வழி, வார்ப்பிரும்புச் சுவரைத் தாண்டி அடியில் ஓடும் காற்று ஒன்றுதான். அந்த அளவு சூட்டுக்கு ஹவுசிங், வெளிக்காற்றைவிட நூறு டிகிரி கூடுதலாக ஏறி நின்றால்தான் வரவும் செலவும் சரியாகும் என்று வருகிறது. வெளியே 30 டிகிரி என்றால் உள்ளே 130. ஓய்விடத்தில் துப்பாக்கி காட்டிய எண்ணில் வியப்பு ஏதுமில்லை.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது காற்றை. கேம்பரின் முகம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள சுவர். வயோமிங்கில் ஐ-80 சாலையில் மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு அங்கே எதிர்க்காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில்லாத சமதரையில் பிக்கப்பும் கேம்பரும் சேர்ந்த இந்த ஜோடிக்கு 80 கிலோவாட் போதும். எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது 135 கிலோவாட்டாகிவிடுகிறது. கிட்டத்தட்ட மலையேற்றத்துக்குச் சமம். ஒரு வேறுபாடு உண்டு. மலை கால் மணியில் முடிந்துவிடும், பிறகு இறக்கத்தில் பின்னச்சு மூச்சு வாங்கும். காற்று நாலு மணி நேரம் விடாது. வரைபடத்தில் தட்டையாகத் தெரியும் சாலையில், எந்தப் பயமும் இல்லாமல், டிஃபரன்ஷியலைத் தொடர்ந்து வறுத்தெடுக்க முடியும். மலையைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்குக் காற்றைப் பற்றி யாரும் எச்சரிக்காதது எனக்குக் குறையாகவே படுகிறது.

டர்போ இன்ஜின்கள் இந்தச் சுமையைக் கூட்டியிருக்கின்றன. டர்போ இல்லாத பழைய பெட்ரோல் இன்ஜின் 3,000 மீட்டர் உயரத்தில் மெல்லிய காற்றால் மூச்சுத் திணறி, தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். வண்டி தானாக 60 கிலோமீட்டருக்கு இறங்கும். ஓட்டுநருக்கு எரிச்சல், பின்னச்சுக்கு நிம்மதி. இன்றைய டர்போ டீசலும் டர்போ பெட்ரோலும் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டி, சுரங்கவாய் வரை 90 கிலோமீட்டரிலேயே இழுத்துக்கொண்டு போகின்றன. ஹவுசிங்கைக் குளிர்விக்க வேண்டிய காற்றோ அதே உயரத்தில் முப்பது விழுக்காடு மெலிந்துவிடுகிறது. இன்ஜினின் பலவீனம் முன்பு பின்னச்சுக்குக் காவலாக இருந்தது, அந்தக் காவல் போய்விட்டது. இறக்கத்திலும் முழு ஓய்வு இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கும்போது பல்லின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. அந்தப் பக்கம் முன்னோக்கி இழுக்கும் பக்கத்தைப் போல நேர்த்தியாகப் பொருந்த வடிவமைக்கப்பட்டதல்ல.

கம்பெனிகள் இழுவை எடை என்று ஓர் எண்ணை அச்சிடுகின்றனவே, அது இதையெல்லாம் சோதித்துத் தருவதுதானே என்று கேட்கலாம். வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த ஜே2807 என்ற விதிமுறை 2008இல் வெளியானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் எண் சொல்லிக்கொண்டிருந்தது. டொயோட்டா முதலில் ஏற்றது, மற்ற பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தன. விதிமுறையின் கடுமையான பகுதி அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே ஏறும் 68ஆம் எண் மாநிலச் சாலை. 18 கிலோமீட்டர் ஏற்றம். அடிவாரத்தில் குறைந்தது 38 டிகிரி வெயில் இருக்க வேண்டும். ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும். பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள பிக்கப் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. நியாயமான, நேர்மையான சோதனை இது. ஆனால் அந்த வேகத்தில் ஏற்றம் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். ரேடியேட்டர் தண்ணீரின் தாக்குப்பிடிப்பு அதற்குள் தெரிந்துவிடும். எண்பது கிலோ இரும்பும் ஆயிலுமாக இருக்கும் பின்னச்சு அப்படியல்ல. முன்பு சொன்ன கணக்கையே நீட்டினால், அந்த நேரத்தில் அது தன் இறுதிச் சூட்டின் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டியிருக்கும். இழுவை எடை என்பது வண்டி உடையாமல், எச்சரிக்கை விளக்கு எரியாமல் ஏறும் என்பதற்கான சான்று. நான்கு மணி நேர எதிர்க்காற்றில் கியர் ஆயில் என்னவாகும் என்பதற்கு அதில் விடை இல்லை.

எவ்வளவு சூடு வரை பொறுக்கலாம்? இதற்கு ஒரே எண்ணைச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கனரக லாரிகளுக்கு ஆக்சில் செய்யும் மெரிட்டரின் பராமரிப்புக் கையேடு, கனிம எண்ணெய்க்குக் கோடைகாலத்து இயல்பான சூடு 71 முதல் 104 டிகிரி என்கிறது. அதற்கு மேல் போனால் சேர்மானங்கள் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும் என்றும் சொல்கிறது. பிக்கப்பில் ஊற்றும் ஜிஎல்-5 தர ஆயிலின் சோதனைகளோ இன்னும் சூடானவை. பல் தேய்மானத்தைப் பார்க்கும் சோதனை 135 டிகிரியில் முழு நாள் ஓடுகிறது. ஆயில் கெட்டியாகிறதா, கசடு படிகிறதா என்று பார்க்கும் சோதனை 163 டிகிரியில் 50 மணி நேரம். எனவே 120 டிகிரியைப் பார்த்தவுடன் பல் உருகிவிடும் என்று பதற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுவிதியையும் மறக்கக் கூடாது. 90 டிகிரியில் பல ஆண்டு தாங்கும் ஆயில், 130இல் பதினாறு மடங்கு வேகமாக முதுமையடைகிறது. சாதாரண நைட்ரைல் ஆயில் சீல்களும் நூறு, நூற்றிருபது டிகிரிக்கு மேல் நாளடைவில் விறைத்து ஒழுகத் தொடங்கும். ஏற்றத்தில் 130 வரை போய் உடனே இறங்குகிற வண்டியில், சிந்தடிக் ஆயில் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஆயில் மாற்றும் இடைவெளியை மட்டும் பாதியாக்குவேன். 150 டிகிரியைத் தொட்டால் ஓரம் கட்டுவேன். சமதரையில், காற்றில்லாத நாளில் 120 காட்டினால் அங்கே கேம்பர்மேல் பழி போடக் கூடாது, உள்ளே ஏதோ கோளாறு.

எண்ணை வாங்கும் முறையிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வெப்பமானித் துப்பாக்கி பொருளின் மேற்பரப்பு உமிழும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்துச் சூட்டைக் கணிக்கிறது. கறுப்புப் பூச்சுள்ள இரும்பு தாராளமாக உமிழும், காட்டும் எண் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். பளபளக்கும் அலுமினியம் மிகக் குறைவாகவே உமிழும். அதன்மேல் துப்பாக்கியைப் பிடித்தால் முப்பது நாற்பது டிகிரி குறைத்துக்கூடக் காட்டும். கறுப்பு இரும்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பளபளப்பான அலுமினிய மூடியை மாட்டியவர், அதே துப்பாக்கியால் முன்னும் பின்னும் அளந்து, மூடி சூட்டைக் குறைத்துவிட்டது என்று மகிழ்வது இப்படித்தான். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு நாடா ஒட்டி, அதன்மேல் அளந்தால் இந்த ஏமாற்றம் இல்லை. மூடியை மட்டும் அளப்பதும் போதாது. சூடு பிறப்பது பல்லிலும், பினியனைத் தாங்கும் பேரிங்குகளிலும். ஹவுசிங்கின் முன்மூக்கில், ஷாஃப்ட் நுழையும் இடத்துக்குப் பின்னால் அளந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

துப்பாக்கியைவிட உறுதியான சாட்சி உள்ளே கிடக்கும் ஆயில். பல பிக்கப்புகளில் ஆயில் வடிக்கத் தனித் துளையே கிடையாது. பத்துப் பன்னிரண்டு போல்ட்டைக் கழற்றி, மூடியின் கீழ்விளிம்பை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்ப வேண்டும். அடியில் வைத்த தட்டில் ஆயில் பட்டையாக வழியும். நல்ல ஆயில் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடையோடு இருக்கும். அந்த வாடை கோளாறு அல்ல. கருத்து, தீய்ந்த நெடியோடு, விரலால் தேய்த்தால் பிசின்போல் இழுபட்டால் அது சமைந்துபோன ஆயில். மூடியிலோ ஹவுசிங்கின் அடியிலோ ஒரு காந்தம் இருக்கும். அதில் களிம்புபோல் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். துணியால் துடைக்கும்போது உள்ளங்கையில் மினுமினுக்கும் செதிலோ, நகத்தில் மாட்டும் சில்லோ வந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. பிறகு டார்ச் அடித்துப் பற்களைப் பார்க்க வேண்டும். இரும்பு தன் சூட்டின் வரலாற்றை நிறமாக எழுதி வைக்கும். இருநூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் வைக்கோல் மஞ்சள், முந்நூறை நெருங்கினால் நீலம். பினியன் பல்லில் நீலம் படர்ந்திருந்தால் ஆயில் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம், அந்தக் கிரவுன்-பினியன் ஜோடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மருந்துகளுக்கு வருவோம். அதிகம் விற்பது ஃபின் வைத்த அலுமினிய மூடி. கூடுதல் பரப்பு, கூடுதலாக ஒரு லிட்டர் ஆயில் என்பது அதன் வாதம். கூடுதல் ஆயில் சூடேறும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், ஆயிலின் ஆயுளையும் சற்று நீட்டும், அவ்வளவு உண்மை. ஆனால் மூடி இருப்பது ஹவுசிங்கின் பின்முகத்தில், காற்று நேராக வந்து மோதாத நிழல் பகுதியில். அங்கே எத்தனை ஃபின் வைத்தாலும் ஆதாயம் சில டிகிரிதான். இன்னொரு சிக்கலைக் கலிபோர்னியாவின் வண்டிப் பொறியாளர் கேல் பேங்க்ஸ் சில ஆண்டுகளுக்கு முன் ஒளிபுகும் மூடி மாட்டிச் சோதனை செய்து காட்டினார். கிரவுன் வீல் வாரி எறியும் ஆயில், கம்பெனி மூடியின் வளைந்த உட்புறத்தை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பினியன் பேரிங் பக்கம் சேர்கிறது. உட்புறம் தட்டையாக இருக்கும் மூடிகளில் அது சுவரில் மோதிச் சிதறி நுரைக்கிறது. அவர் நிறுவனமும் மூடி விற்கிறது என்பதை நினைவில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் வாதத்தின் அடிப்படை சரி. முன் பினியன் பேரிங்குக்குப் பம்பு கிடையாது, கிரவுன் வீல் எறிவதே அதற்குச் சாப்பாடு. கம்பெனி மூடியின் அந்தப் பானை வயிறு சும்மா வைத்ததல்ல.

ஆயில் விஷயத்தில்தான் காசுக்கு உண்மையான பலன் உண்டு. எரிபொருள் சிக்கன விதிகளின் நெருக்கடியால் கம்பெனிகள் மெல்ல மெல்ல இளக்கமான ஆயிலுக்குப் போய்விட்டன. 75டபிள்யூ-140 இருந்த இடத்தில் 75டபிள்யூ-90, சிலவற்றில் 75டபிள்யூ-85. நூறு டிகிரியில் 140 தர ஆயிலின் பாகுநிலை குறைந்தது 24 சென்டிஸ்டோக்ஸ், 90 தரத்துக்கு 13.5, 85 தரத்துக்கு 11 என்பது எஸ்ஏஇ வகுத்த எல்லை. 130 டிகிரிக்குப் போனால் இவை ஒவ்வொன்றும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இளகிய ஆயிலைக் கடைவது எளிது, அதனால் வெற்று வண்டியில் சூடு குறையும். சுமை ஏறும்போது படலம் போதாமல் இரும்பும் இரும்பும் உரசும், அங்கே சூடு கூடும். ஆண்டு முழுக்கக் கேம்பர் இழுக்கிறவர் ஒரு படி கெட்டியான சிந்தடிக்குக்குப் போவதில் நியாயம் உண்டு, கையேடு அனுமதித்தால். ஆண்டில் இரண்டு விடுமுறைக்கு மட்டும் இழுக்கிறவர் கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றி, சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவது மேல். லிமிட்டட் ஸ்லிப் வகையாக இருந்தால் அதற்குரிய சேர்மானத்தை மறக்கக் கூடாது. அளவைக் கூட்டி ஊற்றுவது கூடவே கூடாது. மிகுதி ஆயிலைக் கடைவதும் சூடுதான்.

பல் விகிதத்தை 3.55இலிருந்து 4.10க்கு மாற்றினால் பின்னச்சு குளிரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. கியர்பாக்சுக்கு அது உதவும். பின்னச்சுக்கு? சக்கரத்தில் தேவைப்படும் விசை அதேதான், கிரவுன் வீல் சுமக்கும் முறுக்கும் அதேதான். பினியன் சிறிதாகி, வேகமாகச் சுழன்று, சற்றே கூடுதலாக வழுக்கும். குளிர்ச்சி எதிர்பார்த்து இந்தச் செலவைச் செய்ய வேண்டாம். பெரிய டயர் மாட்டியவர்கள் கதை வேறு. அதே இழுவிசைக்கு டயரின் ஆரம் கூடக் கூட பல்லின் மேல் முறுக்கும் கூடும். பின்னச்சு சூடாகிறது என்று வருந்துகிறவர் முதலில் டயரைத்தான் பார்க்க வேண்டும். பம்பும் கூலரும் வைத்து ஆயிலைச் சுற்றவிடுவது உறுதியாக வேலை செய்யும், நாஸ்கார் பந்தயக் கார்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குடும்ப வண்டியில் அது ஒழுகக்கூடிய ஹோஸ்களையும் பழுதாகக்கூடிய மோட்டாரையும் சேர்த்துக்கொண்டு வரும்.

காசே செலவில்லாத மருந்து வேகத்தைக் குறைப்பது. முன்பு போட்ட கணக்கில் 90ஐ 70 ஆக்கினால் தேவைப்படும் ஆற்றல் 155இலிருந்து 110 கிலோவாட்டுக்கு இறங்குகிறது. அடியில் ஓடும் காற்றும் குறையும் என்பதால் சூடு அதே விகிதத்தில் இறங்காது. நூறு டிகிரி கூடுதல் என்றிருந்தது எண்பத்தைந்து ஆகும். பதினைந்து டிகிரி சின்ன எண்ணாகத் தோன்றலாம். பத்து டிகிரிக்கு இரட்டிப்பு என்ற விதியின்படி அது ஆயிலின் ஆயுளைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கும். எதிர்க்காற்றில் ஆதாயம் இன்னும் பெரிது.

இத்தனைக்கும் மேல், சூட்டுக்கு இழுவையே காரணமாக இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க, சூடு எங்கே குவிகிறது என்று பார்த்தால் போதும். நடுவில் இருக்கும் ஹவுசிங் சாதாரணமாக இருந்து ஒரு சக்கரப் பக்கம் மட்டும் சுட்டால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது அந்தப் பக்கத்துப் பேரிங் போகிறது. புதிதாக கிரவுன்-பினியன் மாற்றிய வண்டியில் முன்மூக்கு மட்டும் கொதித்தால், பினியன் பேரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு தேய்மானத்தில் டயர் இருந்தால், நேர்ச்சாலையிலும் வேறுபாட்டுப் பல்கள் ஓயாமல் சுழலும். லிமிட்டட் ஸ்லிப் வகையில் கிளட்ச் தகடுகள் ஓயாமல் உரசும். ஹவுசிங்கின் தலையில் இருக்கும் பிரீதர் மண்ணடைத்துப் போனால், சூட்டில் விரியும் காற்று சீலைத் தள்ளி ஆயிலை வெளியேற்றும். அடுத்த பயணத்தில் ஆயில் குறைவாலேயே சூடு கூடும்.

புது வண்டியும் ஒருவகையில் இந்தப் பட்டியலில் சேரும். ஆலையிலிருந்து வரும் பல்லின் முகத்தில் நுண்ணிய கரடுமுரடு இருக்கும். அது தேய்ந்து ஒன்றுக்கொன்று இசையும் வரை உராய்வு அதிகம். முதல் 800 கிலோமீட்டருக்கு எதையும் இழுக்கக் கூடாது, அதன்பின் இழுக்கும் முதல் 800 கிலோமீட்டரில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கையேடு சொல்கிறது. ஃபோர்டு 1,600 கிலோமீட்டர் வரை காத்திருக்கச் சொல்கிறது. ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்து, அதே வாரம் கேம்பரையும் வாங்கி மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். பல் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் முகத்தை அந்த முதல் சில நூறு கிலோமீட்டர்தான் செதுக்குகிறது. அப்போது வெந்த ஆயிலையும் அதில் மிதக்கும் இரும்புத் தூளையும் சீக்கிரமே வடித்துவிடுவது, இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தப் பொருளையும் வாங்குவதைவிடப் பலன் தரும்.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது கூலர் அல்ல, ஒரு முள். பின்னச்சுக்கு ஏற்கெனவே கம்பி போகிறது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் சென்சார் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதோடு ஹவுசிங்கில் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்றையும் சேர்த்து, கியர்பாக்ஸ் சூடு தெரியும் அதே திரையில் ஓர் எண்ணாகக் காட்டுவது பெரிய பொறியியல் வேலை இல்லை. ஆறு டன்னை இழுக்கும் என்று விளம்பரம் செய்யும் வண்டியில் ஓட்டுநருக்கு அந்த எண் தெரிந்தால், எப்போது காலை எடுக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்வார். அது வரும்வரை, ஃபில்லர் பிளக்கின் இடத்தில் சென்சார் உள்ள பிளக்கைத் திருகி, ஒரு சின்ன மீட்டரை டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளலாம். அலுமினிய மூடிக்குக் கொடுக்கும் பணத்தில் அது முடிந்துவிடும்.